மார்த்தா கேனனுக்காக ஃபார்ன்ஸ்வொர்த்தை இறக்கலாமா?

உப்பேரிவாசி:
அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடத்தில் ஒரு மாநிலத்துக்கு இரண்டே சிலைதான். யூட்டா தன் பங்கில் ஒன்றை மாற்றிவிட்டது. 1990 முதல் நின்ற தொலைக்காட்சி முன்னோடி ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த் வெளியே. 2024 டிசம்பரில் டாக்டர் மார்த்தா ஹியூஸ் கேனன் உள்ளே. பெண்கள் வாக்குரிமைக்குப் போராடியவர். 1896-ல் தேர்வாகி, அந்நாட்டின் முதல் பெண் மாநில செனட்டர் ஆனவர். அந்தத் தேர்தலில் சொந்தக் கணவரையே தோற்கடித்தார்! உங்கள் கருத்து?

பிக்சர்டியூப்:
முப்பது வருஷம் டிவி ரிப்பேர் பார்த்தவன் சொல்றேன், இது அநியாயம். பதினாலு வயசுல உருளைக்கிழங்கு வயல்ல உழவுச் சாலைப் பார்த்து, படத்தையும் இப்படி வரிவரியாப் பிரிச்சு அனுப்பலாமேன்னு யோசிச்ச பையன் அவர். 1927-ல செஞ்சும் காட்டிட்டார். அந்தச் சிலையே பள்ளிக்கூடப் பிள்ளைங்க கேட்டுக் கேட்டு வாங்கினது. யூட்டாவோட இன்னொரு சிலை பிரிகாம் யங், அங்கே மோர்மன் திருச்சபையை நடத்தின தலைவர். அவரைத் தொட முடியுமா? ஊருக்கு இளைச்சவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

சாந்தாமணி:
அண்ணே, அந்த வயல் இருந்தது ஐடஹோவில். ஃபார்ன்ஸ்வொர்த் பிறந்ததுதான் யூட்டா. செய்து காட்டியது சான் ஃபிரான்சிஸ்கோவில். மார்த்தா வேலை பார்த்த ஊர் சால்ட் லேக் சிட்டி. வேல்ஸிலிருந்து குழந்தையாக வந்தவர், அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோத்துச் சம்பாதித்து, 1880-ல் மிச்சிகனில் மருத்துவப் பட்டம் வாங்கினார். செனட்டில் இருந்த நாலு வருஷத்தில் மாநில சுகாதார வாரியத்தை உருவாக்கினார். காது கேளாத, பார்வையற்ற பிள்ளைகளின் படிப்புக்குச் சட்டம் கொண்டுவந்தார். கடையில் வேலை பார்க்கும் பெண்களுக்கு உட்கார இருக்கை தரணும் என்றும் ஒரு சட்டம்.

நேர்வாதம்:
எல்லாம் சரி. ஆனால் மார்த்தா, மோர்மன்களின் பலதாரமண முறையில் ஒருவரின் ஆறு மனைவியரில் நான்காவதாக வாழ்க்கைப்பட்டவர், அந்த முறையை வெளிப்படையாக ஆதரித்தவர். கணவனுக்கு நான்கு மனைவி என்றால் ஒருத்திக்கு மாதம் மூன்று வாரம் விடுதலை என்று பேட்டியே கொடுத்தார். இவரைப் பெண்ணுரிமையின் முகமாக நிறுத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை. இன்னொன்று, 'கணவரைத் தோற்கடித்தார்' என்பது பாதிக் கதை. ஐந்து இடங்களுக்குக் கட்சிக்கு ஐந்து பேர் நின்றார்கள். இவர் ஜனநாயகக் கட்சி, கணவர் ஆங்கஸ் குடியரசுக் கட்சி. ஜனநாயகக் கட்சிதான் ஐந்தையும் அள்ளியது. வாக்குரிமைக்கு அதே மாநிலத்தில் உழைத்த எம்மெலின் வெல்ஸும் குடியரசுக் கட்சியில் நின்று தோற்றார். அவரை யார் நினைக்கிறார்கள்?

உப்பேரிவாசி:
ஒத்துக்கிறேன், 'கணவரைவிட அதிக வாக்கு' என்று எழுதியிருக்கணும்.

சாந்தாமணி:
நேர்வாதம் சார், அந்தப் பேட்டியை நானும் மறைக்க மாட்டேன். ஆனால் மிச்சத்தையும் சொல்லுங்க. யூட்டா பெண்கள் 1870-லேயே ஓட்டுப் போட்டவர்கள். பலதாரமணத்தை ஒடுக்குகிறேன் என்று 1887-ல் வாஷிங்டனில் இருந்த மத்திய அரசு அந்த ஓட்டையே பிடுங்கியது. கல்யாணமே ஆகாதவளுக்கும் போச்சு! பலதாரமணக் குடும்பங்களில் பிரசவம் பார்த்த டாக்டர் என்பதால், அந்தத் தாய்மார்களுக்கு எதிராகத் தன்னையே சாட்சி சொல்ல இழுப்பார்கள் என்று மார்த்தா கைக்குழந்தையோடு இங்கிலாந்துக்கு ஓடி ஒளிந்தார். திரும்பி வந்து, ஓட்டை மறுபடி மாநில அரசியல் சட்டத்திலேயே எழுத வைக்கப் போராடினார்கள். 1896-ல் கிடைத்தது.

நேர்வாதம்:
அந்த முறைக்கு அவரே விலை கொடுத்தார் என்பதையும் சேருங்கள். 1890-லேயே மோர்மன் திருச்சபை புதுப் பலதார மணங்களை நிறுத்தச் சொல்லிவிட்டது. பதவியில் இருக்கும்போதே 1899-ல் மூன்றாவது குழந்தை பிறந்தது. ஊர் வாயில் விழுந்தார். அதோடு தேர்தல் வாழ்க்கை முடிந்தது. சிலைக்குக் கீழே இதையும் எழுதுவார்களானால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

பிக்சர்டியூப்:
நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கோங்க. எனக்கு அந்த இருக்கைச் சட்டத்துலதான் மனசு நிக்குது. என் வீட்டுக்காரம்மா ஜவுளிக்கடையில பதினோரு வருஷம். ராத்திரி வந்ததும் கால் வீக்கத்துக்கு வெந்நீர் போட்டுக் கொடுப்பேன்.

சாந்தாமணி:
தமிழ்நாட்டில் அந்தச் சட்டத் திருத்தம் 2021-ல்தான் வந்தது, அண்ணே. மார்த்தா 1897-ல்.

பிக்சர்டியூப்:
அப்படியா! அவங்ககிட்ட சொல்றேன். ஆனா ஃபார்ன்ஸ்வொர்த்தை இறக்கினது தப்புதான், அதுல மாற்றமில்ல.