ஸ்டெயின் அடித்த மேசையில் பொருத்தைச் சுற்றி வெளிறின திட்டு

உவர்மலை:
மகோகனி மேசை. காலும் சட்டமும் சேர்ற பொருத்துகளுக்கு வெள்ளைக் கம் போட்டு இறுக்கி, வழிஞ்சதை ஈரத்துணியால துடைச்சேன். 150 சாண்ட் பேப்பர் போட்ட பிறகு எண்ணெய் ஸ்டெயின் (மரத்துக்கு நிறம் ஏத்துற பூச்சு), வோல்நட் நிறம். இப்ப பொருத்தைச் சுற்றி ரெண்டு விரல் அகலத்துக்கு வெளிறிக் கிடக்கு, ஒரு இடத்தில விரல் அடையாளமே தெரியுது. ரெண்டாம் தரம் பூசியும் பிடிக்கல. சீலர் (நிறத்துக்கு மேல துளையை அடைக்கிற பூச்சு) இன்னும் அடிக்கல. முழுதையும் உரிக்க வேணுமா?

தம்பலகாமம்:
வேணாம் தம்பி. சீலர் அடிக்காதது நல்லதாப் போச்சு. ஈரத்துணிதான் பிழை: அது கம்மைக் கரைச்சு மரத்தின் துளைகளுக்குள்ள இழுத்து விட்டுது. கம் அடைச்ச இடத்தில எத்தனை தரம் பூசினாலும் ஸ்டெயின் இறங்காது.

டர்பன்டைன் நனைச்ச துணியால சட்டம் முழுக்கத் துடைங்க. மரம் கருக்கும், கம் உள்ள இடம் வெளிறியே நிக்கும். அதைச் சுற்றிப் பென்சிலால மெல்லமா அடையாளம் போடுங்க. காய்ஞ்சதும் கூரான ஸ்க்ரேப்பர் தகட்டாலயோ, நிமிர்த்திப் பிடிச்ச உளியாலயோ நார் போக்கில சுரண்டுங்க. முதல்ல வெட்டின நகம் மாதிரி கண்ணாடிச் செதில் வரும். மரச்சுருள் வரத் தொடங்கினா கம் முடிஞ்சுது. சாண்ட் பேப்பரை மட்டும் நம்பினா, தேய்க்கிற சூட்டில கம் இளகித் தாளை அடைச்சிடும்.

பிறகு 120, அடுத்து 150. அதோட நிறுத்துங்க. அதை விட நைசான 220 போட்டா அந்த இடம் ஸ்டெயினைக் குறைவாக் குடிச்சுத் திரும்பவும் வெளிறும். திட்டை மட்டும் தேய்க்காம, ஒரு பொருத்தில இருந்து மற்றப் பொருத்து வரை சட்டம் முழுதையும் ஒரே அளவுக்குத் தேயுங்க. பிறகு திரும்ப ஸ்டெயின் பூசுங்க, நிற வித்தியாசம் இருந்தாலும் பொருத்துக் கோட்டில மறைஞ்சிடும்.

நிலாவெளி:
தகடு போகாத மூலைக்கு: சுடுதண்ணியும் வினாகிரியும் பாதிக்குப் பாதி கலந்து நனைச்ச துணியை 5 நிமிஷம் வச்சு, பழைய டூத் பிரஷ்ஷால தேயுங்க. தண்ணி தாங்குற வகைக் கம்முக்கு இது சரிவராது. கம்பித் தூரிகை, ஸ்டீல் வூல் கிட்டயும் கொண்டு போகாதீங்க, வினாகிரியும் இரும்பும் சேர்ந்தா மகோகனி கறுத்துப் போகும். ஈரத்துக்கு நார் எழும்பும். ஒரு நாள் காயவிட்டு 150ஆல லேசாத் தேய்ச்சாச் சரி.

உவர்மலை:
நன்றி அண்ணா. மேற்பலகை வெனியர் (மெல்லிய மரத்தகடு) ஒட்டின பிளைவுட். அதிலயும் ஒரு திட்டு இருக்கு, சுரண்டலாமா?

தம்பலகாமம்:
கூடாது. வெனியர் 1 மில்லிமீற்றர் கூட இருக்காது, சுரண்டினா அடிப்பலகை தெரியும், வினாகிரித் தண்ணி ஊறினா கிளம்பும். 180 தாளைக் கட்டையில சுத்தி நாலைஞ்சு தரம் லேசா இழுங்க. அப்பவும் நிண்டா அதை மூடத்தான் வேணும். ஸ்டெயின் நல்லாக் காய்ஞ்ச பிறகு ஷெலாக்கில (அரக்கு வார்னிஷ்) நிறப்பொடி கலந்து, மெல்லிய தூரிகையால நார் போக்கில கோடு கோடா இழுங்க. ஒரே தடவையில கருமையாக்க வேணாம், ரெண்டு மூணு தரமாப் போங்க. நிறத்தைப் பலகையின் அடிப்பக்கத்தில பூசிப் பார்த்துக்கொள்ளுங்க.

நிலாவெளி:
அடுத்த தரம் ஒட்ட முதல், கம் இல்லாமப் பொருத்திப் பார்த்து, கோட்டுக்கு ரெண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டுங்க. வழிஞ்ச கம்மைத் தொடாம விட்டு, ரப்பர் மாதிரி ஆனதும் உளியால உரிச்சு எடுங்க. கச்சான் காத்து அடிக்கிற மாதங்களில 15, 20 நிமிஷத்திலயே அந்தப் பதம் வந்திடும், மாரியில இன்னும் கூடுதலா நேரம் எடுக்கும். மணிக்கூட்டைப் பார்க்கிறதை விட நகத்தால அழுத்திப் பாருங்க: பள்ளம் விழணும், விரலில ஒட்டக்கூடாது.