பவர்ஃபுல் டார்ச்: லூமென் கணக்கை எவ்வளவு நம்பலாம்?

வணக்கம். இரவு நடைக்கு ஒரு பவர்ஃபுல் டார்ச் தேடுகிறேன். 21700 பேட்டரி (21 மி.மீ. தடிமன், 70 மி.மீ. நீளமுள்ள லித்தியம் செல்) போடும் மாடல் ஒன்றை நண்பரிடம் வாங்கிப் பார்த்தேன். பிடி அருமை, சுவிட்ச் இருட்டிலும் விரலுக்குத் தட்டுப்படுகிறது. ஆனால் முழு வெளிச்சத்தில் வைத்த சில நிமிடங்களிலேயே தலைப்பகுதி சுட்டு, வெளிச்சம் தானாக இறங்கிவிட்டது. சூட்டைக் கட்டுப்படுத்தத்தான் அப்படி என்று தெரியும். அப்படியானால் பெட்டியில் போட்டிருக்கும் லூமென் (மொத்த வெளிச்சத்தின் அளவு) கணக்கால் எனக்கு என்ன பயன்?

வெளிச்சம் எட்டும் தூரத்துக்கு கேண்டெலாதான் (ஒரு திசையில் பாயும் ஒளியின் செறிவு) முக்கியம். 40,000 கேண்டெலா என்றால் கணக்குப்படி 400 மீட்டர். ஆனால் அந்த எல்லையில் விழுவது வெறும் 0.25 லக்ஸ் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு), முழு நிலா வெளிச்சம் அளவுதான்!

ஒரு மணி நேரம் இறங்காமல் சீராக எரியும் டார்ச் யாராவது வைத்திருக்கிறீர்களா? கனமாக இருந்தாலும் பரவாயில்லை. வெளிச்சத்தை எந்த அளவில் வைக்கிறீர்கள், எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.