மறு: 'பொதுமன்னிப்பு' போதாது – 'வசிப்பு வரன்முறை' சரிவருமா?

> பொதுமன்னிப்பு இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

ஐயா, வணக்கம். அனுமதியின்றித் தங்கிவிட்ட வெளிநாட்டவரை அரசு அங்கேயே முறையாகத் தங்கவைப்பதற்கு 'வசிப்பு வரன்முறை' என்ற சொல்லை நான் முன்வைத்ததற்குத்தான் இப்படிக் கேட்டிருக்கிறீர்கள். சேலம் அஸ்தம்பட்டியில் என் டிடிபி கடைக்கு 2024இல் ஆத்தூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் வந்தார். கையில் நாலாய் மடித்த செய்தித்தாள் துண்டு: மலேசியாவில் பொதுமன்னிப்பு. மகன் பெர்மிட் முடிந்தும் அங்கேயே இருந்தான். "மன்னிச்சுட்டாங்கன்னா இனி அங்கயே வேலை பாக்கலாமுங்களா தம்பி?" என்றார். திட்டமோ, 500 ரிங்கிட் அபராதம் கட்டிவிட்டு வழக்கில்லாமல் ஊர் திரும்புவதற்கு. எனக்கே சொல்ல வாய் வரவில்லை. (அனுமதியின்றி நுழைந்தவருக்கு ஆறு பிரம்படி வரை கொடுக்கச் சட்டம் உள்ள நாடு அது. அந்த வகையில் சலுகைதான்.)

ஸ்பெயின் 2005இல் செய்தது வேறு. வேலை ஒப்பந்தம் காட்டிய சுமார் 5.7 லட்சம் பேர் அங்கேயே தங்க அனுமதி பெற்றார்கள். அமெரிக்கா 1986 சட்டத்தில், 1982 ஜனவரி 1க்கு முன்பே வந்து தங்கியவர்கள் சட்டப்படி அங்கேயே இருக்க வழிவிட்டது. ஐக்கிய அரபு அமீரகம் 2024 செப்டம்பரில் இரண்டையும் சேர்த்தே வைத்தது: அபராதமின்றிக் கிளம்பலாம், அல்லது புது முதலாளியைப் பிடித்து விசா வாங்கலாம். நாம் எல்லாவற்றையும் பொதுமன்னிப்பு என்கிறோம்.

தங்கவைப்பதற்கு 'வசிப்பு வரன்முறை' என்கிறேன். சேலத்துக்காரருக்கு வரன்முறை புதிதா என்ன? அங்கீகாரமில்லாத மனையை வாங்கிப்போட்டு, தமிழக அரசின் 2017 மனை வரன்முறை விதிகள் வந்ததும் கட்டணம் கட்ட ஓடியவர்கள்தானே நாம். அதிலும் 2016 அக்டோபர் 20க்குள் பதிவான மனைக்கே என்று ஒரு தேதிக்கோடு இருந்தது. அமெரிக்கா கிழித்ததும் அதே மாதிரிக் கோடுதான்.

> மனைக்குரிய சொல்லை மனிதருக்கு வைப்பதா?

இப்படிக் கேட்ட ஏற்காட்டு அம்மாவின் உறுத்தல் நியாயமே. ஆனால் தற்காலிக ஊழியருக்குப் 'பணி வரன்முறை' என்று அரசாணைகளிலேயே எழுதுகிறார்களே. 'முறைப்படுத்தல்' என்றால் போக்குவரத்துப் போலீஸ் நினைவுக்கு வருகிறார். 'சட்டபூர்வமாக்கல்' கஞ்சாவுக்கும் பொருந்தும். 'குடியேற்ற வரன்முறை' என்றால் குடியேற்றத்துக்கே விதி வகுப்பதாகத் தொனிக்கும், ஆகவே 'வசிப்பு'.

தண்டனையில்லாமல் ஊருக்கு அனுப்புவதற்குப் பொதுமன்னிப்பே இருக்கட்டும். வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் வாயில் ஊறிய சொல், அதை யாரும் பிடுங்க முடியாது.

இப்படி அனுமதி பெற்ற ஆளை என்னவென்று சொல்வது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன். 'வரன்முறையர்' என்று எழுதிப் பார்த்து நானே அடித்துவிட்டேன். யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.