பிரெஞ்சு நடிகர் ழான் லூயி த்ரந்தினியான்: மனதை விட்டுப் போகாத காட்சி எது?

'இஸட்' (1969). ஓர் அரசியல் கொலையைத் துருவும் விசாரணை நீதிபதியாக அவருக்குப் பாதிப் படம் தாண்டித்தான் முழு வேலை வருகிறது. நிறமேற்றிய கண்ணாடி, கண்ணைப் படிக்க முடியாது. கடைசியில் அதிகாரிகள் ஒவ்வொருவராக உள்ளே வருகிறார்கள். பெயர், முதற்பெயர், தொழில். எல்லாருக்கும் அதே கேள்வி, அதே குரல், பின்னால் தட்டச்சு ஓசை. பதக்கம் குத்திய ஆள் ஆத்திரத்தோடு வெளியே போய்ப் பூட்டிய கதவை இழுக்கிறார். குரல் ஒரு படிகூட ஏறாததுதான் பயமுறுத்துகிறது. கான் விழாவில் சிறந்த நடிகர் விருது இதற்குத்தான்.

—

குரல்தான் எல்லாம் என்பதை ஏற்க மாட்டேன். 'தி கிரேட் சைலன்ஸ்' (1968) என்ற இத்தாலியப் படத்தைப் பாருங்கள். சிறுவயதில் கழுத்தறுபட்டுப் பேச்சிழந்த ஆள். படம் முழுக்க ஒரு சொல் கிடையாது. எதிராளி முதலில் துப்பாக்கியை எடுக்கட்டும் என்று காத்திருப்பார், அப்போதுதான் சட்டப்படி தற்காப்பு. அந்தக் காத்திருப்பில் முகத்தில் எதுவும் அசையாது. நீங்கள் குரலில் கேட்ட இறுக்கம் அந்த முகத்தில் ஏற்கெனவே இருக்கிறது.

—

மேலே இருவருக்கும்: எந்த ஒலித்தடத்தில் பார்த்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். அக்கால இத்தாலியப் படங்களில் வசனத்தைப் பிறகு ஸ்டுடியோவில்தான் சேர்ப்பார்கள். 'இல் சோர்பாஸோ' (1962) இத்தாலியத் தடத்தில் கேட்பது பாவ்லோ ஃபெர்ராரியின் குரல். அதை வைத்து த்ரந்தினியானின் பேச்சை எடைபோடாதீர்கள். காருக்குள் பக்கத்து இருக்கையில் அவர் கூசிக் குறுகுவதை மட்டும் பாருங்கள்.

'இஸட்', 'மை நைட் அட் மாட்ஸ்' இரண்டையும் பிரெஞ்சில் மட்டுமே பாருங்கள். ஆங்கில டப்பிங்கில் தொடங்கினால் ஆடியோ மெனுவில் மாற்றிவிடுங்கள். இன்னொன்று, பழைய ஐரோப்பிய டிவிடி (PAL என்ற ஒளிபரப்பு முறைக்கானது). நொடிக்கு 24 சட்டகம் (ஃப்ரேம்) கொண்ட படம் அதில் 25-இல் ஓடும். வேகம் சுமார் 4 சதவீதம் கூடும். சுருதியைத் திருத்தாத பிரதியில் குரலும் ஏறிவிடும். தாழ்ந்த குரலில் மெதுவாகப் பேசுகிறவருக்கு இது பெரிய கேடு. கண்டுபிடிக்க எளிய வழி ஓடும் நேரம்தான்: 'இஸட்' 127 நிமிடம். 122 என்று காட்டினால் வேறு பிரதி தேடுங்கள். ப்ளூரேயில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை.

குரல் முக்கியமில்லை என்கிறவருக்கு: 'தி ஷைனிங்' பிரெஞ்சு டப்பிங்கில் ஜாக் நிக்கல்சனுக்குக் குரல் கொடுத்தவர் த்ரந்தினியான்தான்.

—

ஒலித்தடம் இருக்கட்டும். 'ஆமூர்' (2012) பற்றி யாருமே பேசவில்லையே! பல வருடம் சினிமாவை விட்டு விலகியிருந்தவரை மனதில் வைத்து இயக்குநர் ஹானெக்கே எழுதிய படம். படுக்கையில் வலியில் அரற்றும் மனைவியின் கையைத் தடவியபடி சிறுவயது விடுமுறை முகாம் கதையைச் சொல்வார்: பிடித்திருந்தால் அஞ்சலட்டையில் பூ வரைந்து அம்மாவுக்கு அனுப்ப வேண்டும், பிடிக்காவிட்டால் நட்சத்திரம். அவர் சொல்லச் சொல்ல அரற்றல் அடங்குகிறது. இரண்டாம் முறை சப்டைட்டிலை அணைத்துவிட்டு அவர் மூச்சு விடும் இடங்களை மட்டும் கவனியுங்கள். அடுத்து நடப்பதை இங்கே எழுதவில்லை, பார்க்காதவர்கள் இருப்பார்கள்.