குட்டை ஓடுதளமும் நம்மூர்ப் பெட்டிகளும்: அனுபவப் பகிர்வு

கீழக்கரைக்காரன்:

மதுரையிலிருந்து துபாய் போகும் நம்மூர்க்காரர்கள் பலரிடம் இந்தக் கதை இருக்கும். மே மாதம், மத்தியான விமானம். ஆள் போய்ச் சேர்ந்தாச்சு, பெட்டி வரவில்லை. எனக்கு வராமல் போனது கருவாடும் பனங்கற்கண்டும் வைத்துக் கட்டிய அட்டைப்பெட்டி. கவுன்டரில் கேட்டால் "லோடு அதிகம்" என்று ஒரே பதில். நான் கொண்டுபோனது அனுமதித்த கிலோவுக்குள்தான். விமானத்தில் காலி சீட்டுகூட இருந்தது. அப்புறம் என்ன லோடு? பெட்டி வந்து சேர்ந்த அன்று ரூமில் இருந்தவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பரமக்குடிக்காரன்:

பாய், நான் ஒரு விமான நிலையத்தில் லோட் ஷீட், அதாவது விமானத்தின் எடைக் கணக்கு, போடும் வேலை பார்த்தவன். உங்களை மாதிரி நிறைய பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். விமானத்தில் இடம் இருக்கிறதா என்பது வேறு, அந்த ஓடுதளத்தில் அந்த நேரத்தில் எவ்வளவு எடையோடு கிளம்பலாம் என்பது வேறு. போயிங் 737-800 அதிகபட்சம் 79 டன் எடையோடு கிளம்பலாம் என்பது தயாரிப்பாளர் கணக்கு. அந்த 79 டன் எல்லா ஊரிலும் கிடைக்காது. துபாயில் ஓடுதளம் 4,000 மீட்டருக்கு மேல். மதுரையில் 2,285 மீட்டர்தான்.

கிளம்பும்போது விமானிகள் ‘வி ஒன்’ என்று ஒரு வேகத்தைக் குறித்து வைத்திருப்பார்கள். அந்த வேகம் வருவதற்குள் ஒரு இன்ஜின் போனால், மிச்சமிருக்கும் தரையிலேயே பிரேக் போட்டு நிறுத்த முடிய வேண்டும். அதைத் தாண்டிய பிறகு போனால், மற்ற இன்ஜினை வைத்தே மேலே ஏறிவிட முடிய வேண்டும். இந்த இரண்டுக்கும் சேர்த்துத்தான் எடையைக் கணக்குப் போடுவோம். வெயில் ஏற ஏற காற்றின் அடர்த்தி குறையும். இறக்கைக்குத் தூக்கும் சக்தி குறையும், இன்ஜினும் அவ்வளவு தள்ளாது. விடியற்காலையில் போகும் அதே எடை மத்தியானம் போகாது. எரிபொருளைக் குறைக்க முடியாது, டிக்கெட் எடுத்தவரை இறக்கிவிட யாருக்கும் மனசு வராது. மிஞ்சியது பெட்டிதான். இதைக் கவுன்டரில் இருப்பவர்கள் இரண்டு வரியில் விளக்கினால் பாதி சண்டை குறையும். ஏனோ யாரும் செய்வதில்லை.

தொண்டியிலிருந்து:

காக்கா, என் கதை இறங்கும்போது நடந்தது. கோழிக்கோட்டில் மழை. சக்கரம் ‘டம்’மென்று தரையில் விழுந்த வேகத்தில் தலைக்கு மேலிருந்த மூடி ஒன்று திறந்துகொண்டது. பக்கத்து சீட்டுப் பெரியவர் விமானியை வாய்க்கு வந்தபடி ஏசினார். பின்னால் விமானத்துறையில் இருக்கும் என் மச்சானிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். குட்டையான, நனைந்த ஓடுதளத்தில் அப்படி அழுத்தி இறக்குவதுதான் சரியாம். 737 மாதிரி ஜெட் மணிக்கு 260 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது. பூப்போல இறக்குகிறேன் என்று ஒரு நொடி மிதக்கவிட்டால் 70 மீட்டர் போச்சு. சக்கரம் அழுந்தினால்தான் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தரையைப் பிடிக்கும். இறக்கைமேல் தடுப்புப் பலகைகளும் உடனே எழும்பும், பிரேக்கும் வேலை செய்யும்.

2020 ஆகஸ்ட் 7 அன்று அதே கோழிக்கோட்டில் என்ன ஆனது என்று எல்லோருக்கும் தெரியும். துபாயிலிருந்து வந்த விமானம். மழை, பின்னாலிருந்து காற்று. 2,700 மீட்டர் ஓடுதளத்தில் ஏறத்தாழ பாதியைக் கடந்த பிறகுதான் சக்கரம் தரையைத் தொட்டது. அது மேட்டின்மேல் இருக்கும் ஓடுதளம், முடிகிற இடத்தில் பள்ளம். விமானம் நிற்காமல் ஓடி அதில் விழுந்து உடைந்தது. 21 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு மெதுவாக இறங்கும் விமானத்தில் யாராவது கை தட்டினால் எனக்குத் தட்டத் தோன்றுவதில்லை.

உச்சிப்புளிக்காரன்:

பின்காற்றைச் சொன்னீர்களே, அதைப் பற்றி ஒன்று. எங்கள் ஊரில் கடற்படையின் பருந்து விமானத் தளம் இருப்பதால் சின்ன வயதிலிருந்தே விமானம் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ அதை எதிர்த்துத்தான் இறங்கும். எங்கள் கடல்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மேற்கிலிருந்து அடிக்கும் கச்சான் காலம் வேறு, வடக்கிலிருந்து அடிக்கும் வாடைக் காலம் வேறு. பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் ரயிலை நிறுத்துவார்கள். ஜெட் இறங்கும்போது பின்னாலிருந்து 18 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வந்தாலே பொதுவாக வரம்பு முடிந்துவிடும் என்று ஒருவர் சொன்னார். அப்படியா? ராமேஸ்வரத்தில் விமான நிலையம் அமைக்கப்படும் என்று 2025 தமிழக பட்ஜெட்டில் சொன்னார்களே, எவ்வளவு நீளம் போட்டால் ஜெட் வரும்?

பரமக்குடிக்காரன்:

ஆமாம் தம்பி, பெரும்பாலான ஜெட்டுகளுக்கு 10 ‘நாட்’ (knot, விமானத்திலும் கப்பலிலும் வேகத்தைச் சொல்லும் அளவு) தான் பின்காற்று வரம்பு, நீங்கள் சொன்ன 18 கிலோமீட்டர் அதுதான். பின்காற்று தள்ளினால் தரையில் வேகம் கூடும். இறங்கும் வேகம் பத்து சதவீதம் கூடினால் நிற்கத் தேவையான தூரம் இருபது சதவீதம் கூடும்.

நீளத்துக்கு வருவோம். தூத்துக்குடியில் முன்பு 1,350 மீட்டர், காற்றாடி வைத்த ஏடிஆர் வகைச் சின்ன விமானம்தான் வந்து போனது. இப்போது 3,115 மீட்டராக நீட்டிவிட்டார்கள். பாட்னாவில் 2,100 மீட்டருக்கும் குறைவு, ஆனாலும் ஏர்பஸ் 320 போகிறது. பிரேசிலில் ரியோ நகரத்துக்குள் இருக்கும் சான்டோஸ் டுமோன்ட்டில் வெறும் 1,323 மீட்டர். அங்கேயும் 737 இறங்குகிறது, குட்டை ஓடுதளத்துக்கென்று போயிங் மாற்றியமைத்த வகை அது. ஆக, 2,000 மீட்டரிலும் சென்னைக்கு ஜெட் விடலாம், எரிபொருள் கொஞ்சம் போதும். வளைகுடாவுக்கு நிறைய எரிபொருளோடு கிளம்ப வேண்டும், அதற்கு அந்த நீளம் பத்தாது. கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தால் டெர்மினல் படத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். ஓடுதளம் எத்தனை மீட்டர், எந்தத் திசையில் போடுகிறார்கள், முனையில் எவ்வளவு காலி இடம் விடுகிறார்கள் என்று கேளுங்கள்.