புதுப்பிப்பு: 500 டாலருக்குள் முதல் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிள்

முதல் செமி ஆட்டோமேட்டிக் (விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு சுட்டு, அடுத்ததைத் தானே ஏற்றும்) ரைஃபிளாக 500 டாலருக்குள் ஏஆர்-15 தேடலாமா, சிறிய .22 தோட்டா சுடும் ரைஃபிளே போதுமா என்று போன பதிவில் கேட்டிருந்தேன். கடைசியில் .22 வகையான ரூகர் 10/22 வாங்கிவிட்டேன். 1964 முதல் வரும் மாடல். உதிரி பாகங்களுக்குப் பஞ்சமே இல்லை. முக்கியக் காரணம் தோட்டா விலைதான். ஏஆர்-15 சுடும் .223 தோட்டாவைவிட .22 பல மடங்கு மலிவு, பழக வேண்டுமென்றால் நிறையச் சுட வேண்டுமே! மிச்சப் பணத்தில் காதுக்கவசமும் பூட்டும் பெட்டியும் வந்துவிட்டன.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பத்துத் தோட்டாவும் தீர்ந்தபின் இதன் போல்ட் (தோட்டா இருக்கும் அறையை மூடும் பாகம்) தானாகத் திறந்து நிற்காது. மேகசினை (தோட்டாக்கள் அடுக்கும் பெட்டி) கழற்றி, போல்ட்டைக் கையால் இழுத்து, அறை காலியா என்று கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

அப்புறம், எச்1பி வேலை விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்கலாமா என்று கேட்டவருக்கு: வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, அமெரிக்கச் சட்டம் உங்களை அனுமதிக்காது. கிரீன் கார்டு இருந்தால் துப்பாக்கி வாங்குவோருக்கான 4473 படிவம் நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்ததும் வாங்கலாம்.