புதுப்பிப்பு: கப்பலில் யூகலேலே வகுப்பு

போகிற கப்பலில் யூகலேலே (கிட்டார் மாதிரி ஒரு சின்ன வாத்தியம்) வகுப்பு உண்டாம், இசை வாசனையே இல்லாத நான் சேரலாமா என்று கேட்டிருந்தேன். சேர்ந்தேன், திரும்பியும் வந்துவிட்டேன்.

முதல் வகுப்பில் பாதி நேரம் சுருதி சேர்ப்பதிலேயே போனது. ஜி, சி, இ, ஏ என்று நான்கு கம்பிகள். மேலே இருக்கும் ஜி-தான் கனத்த ஒலி தரும் என்று நினைத்திருந்தேன். இல்லை, அது சி-யைவிட உயர்ந்த சுருதி. புது நைலான் கம்பி வேறு, சேர்க்கச் சேர்க்க இறங்கிக்கொண்டே இருந்தது.

கார்டு என்றால் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள். சி கார்டுக்கு மோதிர விரல் ஒன்றே போதும்: ஏ கம்பி, மூன்றாம் ஃப்ரெட் (வாத்தியத்தின் கழுத்தில் குறுக்கே இருக்கும் மெட்டு). ஏ மைனர் கார்டுக்கு ஜி கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டில் நடுவிரல். அதை எடுக்காமல் இ கம்பியின் முதல் ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரலையும் வைத்தால் எஃப். இதெல்லாம் இரண்டே நாளில் வந்துவிட்டது. ஜி7-தான் படுத்தி எடுத்தது! மூன்று விரல்களையும் நான் தேடி வைப்பதற்குள் மற்றவர்கள் அடுத்த வரிக்குப் போயிருப்பார்கள்.

விரல் நுனி வலிக்கும் என்று சிலர் எச்சரித்தீர்கள். வலித்தது, ஆனால் தாங்கக்கூடிய வலிதான். கப்பல் ஆடும்போது நின்று வாசிப்பதுதான் கஷ்டம். உட்கார்ந்துவிடுங்கள்.

இந்த வாத்தியத்தின் மூதாதையே 1879-இல் மதீராத் தீவிலிருந்து கப்பலேறி ஹவாய்க்குப் போனதுதானாம். அதற்குக் கடல் பழக்கம், எனக்குத்தான் இல்லை.

இரவல் யூகலேலேயைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அப்புறம் ஒரு கேள்வி: என் விரல்கள் கொஞ்சம் தடிமன். சின்ன அளவான சோப்ரானோ வாங்கவா, அதைவிடக் கொஞ்சம் பெரிய கான்சர்ட் வாங்கவா?